மில்லிமீட்டர் நோட்டில் ஒரு மீன்

காவிரியின் கடைமடையில் மழைக்கே வருகைப் பதிவேடு வைத்திருந்தவர் ஒருவர்தான். அவர் மில்லிமீட்டர். மழை தாமதமாக வந்தாலும் குறித்துக்கொள்வார். சொல்லாமல் லீவு போட்டாலும் குறித்துக்கொள்வார். மழைக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு வா என்று மேலதிகாரி அனுப்பியிருந்தால், கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்திருப்பார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதம் ஒருமுறை நான்தான் அதை எழுதினேன். வேறு யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை. முத்துப்பேட்டைக்குப் போகிற வழியில் இருந்தது எங்கள் ஊர். பாசன இலாகாவின் சின்ன ஆபீஸில் நான் எழுத்தர், அவர் லஸ்கர். மதகைத் திறப்பதும் அடைப்பதும் லஸ்கரின் வேலை. ஆபீஸ் வாசலில் கம்பிவேலிக்குள் நின்ற மழைமானியைப் பார்ப்பது கூடுதல் வேலை. அந்தக் கூடுதல் வேலைக்காகத்தான் கடவுள் தன்னைப் படைத்தார் என்று மில்லிமீட்டர் நம்பினார்.

தேதி விஷயத்தில் நான் கறாரானவன். ஆனாலும் இதில் ஆண்டை மட்டும் விழுங்கிவிடுகிறேன். அன்று எதிரெதிரே நின்றவர்களின் பிள்ளைகள் இன்று ஒரே பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வாத்தியார்களாக இருக்கிறார்கள். சுவரெல்லாம் இரண்டு கழகங்களும் இடம்பிடித்துச் சண்டை போட்ட காலம், வயலில் அறுவடைக் கூலிக்காகச் சிவப்புக் கொடி நின்ற காலம் என்றால் போதும்.

மழைமானி என்பது ஒரு புனல், அதன் கீழே ஒரு பாட்டில். அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் இருப்பதை அளவு கிளாஸில் ஊற்றிப் படித்து, நோட்டில் எழுத வேண்டும். எட்டரைக்கு முன் பெய்தால் இன்றைய கணக்கு, பின்னால் பெய்தால் நாளைக்கு. எட்டு இருபத்தொன்பதுக்கு அவர் வேலிக்கதவைத் திறக்கிற சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கிளப்பினார்கள்.

தன் மூத்த மகள் கல்யாணத்தில் முகூர்த்தம் எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை. தாரை வார்க்கச் சொம்பை எடுத்தவர், கடியாரத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க" என்று பட்டுவேட்டியோடு சைக்கிளில் ஏறிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "சம்பந்திக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" நான் சொன்னேன்: "ஐப்பசி மாசம் பாருங்க. அதான்." அவர் அதை வியாதியின் பெயர் என்றே எடுத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

கழகத்தார் எங்கள் ஆபீஸ் வாசலில் கொடிக்கம்பம் நட வந்தபோது, மில்லிமீட்டர் ஒரு கயிற்றோடு போய் நின்றார். மழைமானிக்குப் பக்கத்தில் எது நின்றாலும் அது தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பது சட்டம்.

"கம்பம் எவ்வளவு உயரங்க?"

"முப்பது அடி."

"அப்ப அறுபதடி தள்ளிப் போங்க."

அறுபதடி தள்ளினால் குளம். அடுத்த தேர்தலில் ஆட்சி மாறியதும் மற்றக் கழகத்தார் வந்தார்கள். அவர்களையும் குளத்தைப் பார்க்கத்தான் அனுப்பினார். செங்கொடிக்காரர்கள் மட்டும் புத்திசாலித்தனமாகக் குட்டைக் கம்பமாகக் கொண்டு வந்தார்கள். அதையும் அளந்து, இரண்டு முழம் பின்னால் தள்ளினார்.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் மழை மாறிவிட்டது என்று சந்தேகம் வந்த சமயம் அது. ஏன் மாறியது என்பதற்கு டீக்கடையில் ஆளுக்கொரு கட்சி. ராக்கெட் விட்டு ஆகாயத்தில் ஓட்டை போட்டுவிட்டார்கள் என்றார் ஒருவர். ஆட்சி சரியில்லை என்றார் இன்னொருவர். எந்த ஆட்சி என்று கேட்டால் போன மழைக்கும் இந்த மழைக்கும் வேறு வேறு பதில் வரும். பண்ணையார், மழை மாறவே இல்லை, கூலியாட்கள்தான் மாறிவிட்டார்கள் என்பார். நான் நூலகத்தில் ஒரு பத்திரிகையைப் படித்துவிட்டு, கரிப்புகை சேர்ந்து சேர்ந்து பூமியே சூடேறுகிறதாம், கடல் மட்டம் உயருமாம், மழை காலம் தவறிப் பெய்யுமாம், விஞ்ஞானிகளே இரண்டு பக்கமாக நின்று விவாதிக்கிறார்கள் என்று மில்லிமீட்டரிடம் சொன்னேன்.

"அவங்க மழை டப்பா வச்சிருக்காங்களா சார்?" என்று கேட்டார்.

"உலகம் பூராவும் ஆயிரக்கணக்குல வச்சிருக்காங்க."

"எட்டரைக்குப் பார்க்குறாங்களா?"

"பார்ப்பாங்க."

"அப்ப சண்டை போடாம நோட்டைப் பார்க்கச் சொல்லுங்க. நம்ம டப்பாவ மட்டும் வச்சு உலகத்தச் சொல்ல முடியாது. வேலிக்குள்ள பெய்ஞ்சதத்தான் நான் சொல்லுவேன்."

இனி மீன். ஒரு புரட்டாசியில், மழைமானியில் தண்ணீர் அதிகம் காட்டினால் வெள்ளம் பாதித்த ஊர் என்று எழுதி நிலவரிக் கிஸ்தியைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அடுத்த நாள் காலை, வானம் வெளுத்திருக்க, பாட்டில் நிரம்பியிருந்தது. மில்லிமீட்டர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே நூல் பருமனில் ஓர் அயிரைக் குஞ்சு நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

"சார், நானும் எவ்வளவோ மழையப் பார்த்திருக்கேன்" என்றார் என்னிடம். "குழம்புக்கு ஆகுற மழைய இப்பத்தான் பார்க்குறேன்."

வேலியோரம் ஒரு பித்தளைச் சொம்பு கிடந்தது. அதன் வயிற்றில் பண்ணையார் வீட்டு எழுத்துகள். மில்லிமீட்டர் அதைத் துலக்கிக் கொண்டுபோய், பண்ணையின் கணக்குப்பிள்ளை கையில் ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார். அயிரையைக் குளத்தில் விட்டார். பிறகு ஸ்கேலை எடுத்து நோட்டில் புதிதாக இரண்டு கட்டங்களுக்குக் கோடு போட்டார்.

"எதுக்கு?" என்றேன்.

"இருக்கட்டும் சார்."

மேலே அனுப்புகிற மாதப் படிவத்துக்கு அளவு மட்டும்தான் வேண்டும். அதை அவர் வாயால் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன். அதனால் அந்தக் கட்டங்களில் என்ன எழுதுகிறார் என்று நான் எட்டிப் பார்த்ததில்லை.

சில வருஷம் கழித்து, தை மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை ராத்திரி, பண்ணையாரின் வயலை ஒட்டிய வாய்க்கால் கரை உடைந்தது. முற்றி நின்ற சம்பா முழுவதும் தண்ணீரில் சாய்ந்தது. அப்போது கூலிக்காக வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. மறுநாளே போலீஸுக்குப் புகார் போயிற்று: கூலியாள் மாரிமுத்துவும் இன்னும் நாலு பேரும் மண்வெட்டியால் கரையை வெட்டினார்கள். தாசில்தார் வந்து விசாரித்து, வெட்டியதுதான் என்று எழுதிவிட்டால் ஐந்து பேரும் ஜெயிலுக்கு.

ராத்திரி கொட்டித் தீர்த்தது, கரை தானாக உடைந்தது என்றது தொழிலாளர் தெரு. வெறும் தூறல் என்றது பண்ணைத் தரப்பு. தாசில்தார் இருந்த டவுனில் ஒரு சொட்டு இல்லை. நான் உற்சவத்துக்கு லீவு போட்டுத் திருவையாற்றில் ஆற்று மணலில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கேயும் நட்சத்திரம் தெரிந்தது. ஆக, யார் பக்கமும் சேராத சாட்சி ஒன்றே ஒன்றுதான். அது மில்லிமீட்டரின் நோட்டு.

திங்கட்கிழமை விசாரணை. ஞாயிற்றுக்கிழமை, நானும் ஊர் திரும்பியிருந்தபோது, மாரிமுத்துவின் மனைவி அஞ்சலை ஆபீஸுக்கு வந்தாள்.

"மில்லி அண்ணே, கொஞ்சம் கூட்டி எழுதிருங்கண்ணே. உங்களுக்கு ஒரு கோடுதான். எங்களுக்கு அஞ்சு குடும்பம்."

"கூட்ட மாட்டேம்மா."

அவள் வாசலுக்குப் போன கொஞ்ச நேரத்தில் கணக்குப்பிள்ளை குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"என்னப்பா, கொஞ்சம் குறைச்சுப் போட்டா குடியா முழுகிடும்?"

"குறைக்க மாட்டேங்க."

எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள் என்று நானாவது கேட்டேன். "விசாரணை இருக்கு சார். முன்னாடி சொல்லப்படாது" என்று நோட்டைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிவிட்டார். வாசலில் நின்ற அஞ்சலை, "பண்ணை சோத்துக்கு நாக்க வித்துட்டான்" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். அவர் உறையின் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினார்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு ஜீப் வந்தது. ஆபீஸ் வாசலில் மேஜை போட்டோம். ஒரு பக்கம் பண்ணையார், கணக்குப்பிள்ளை. இன்னொரு பக்கம் ஐந்து பேர், போலீஸ்காரர், பின்னால் தெரு முழுவதும். தாசில்தார் முதல் கேள்வியைக் கேட்டு வாய் மூடவில்லை, மில்லிமீட்டர் எழுந்து நடந்தார்.

"எங்கய்யா போறாரு?"

"எட்டரைங்க சார்" என்றேன்.

வேலிக்குள் போய்ப் புனலைத் தூக்கி, காலிப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, எழுதிவிட்டுத் திரும்பினார். "இப்பக் கேளுங்க சார்."

தாசில்தார் தன்னை அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை ராத்திரி மழை எவ்வளவு?" என்றார்.

மில்லிமீட்டர் தலையணை உறையை அவிழ்த்து, பக்கத்தைப் புரட்டி, மேஜைமேல் வைத்தார். தாசில்தார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று இலக்கம். அந்த ஊருக்கு ஐப்பசி கார்த்திகையிலேயே அபூர்வமான எண்.

"தை மாசத்துலயா?"

பண்ணையார் எழுந்துவிட்டார். "அதான் சார் நான் சொல்றேன். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தையில மழை கிடையாது. களத்துல நெல்லு காயுற மாசம்."

"ஐயா சொல்றது சரிதாங்க" என்றார் மில்லிமீட்டர். தெருவிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. அவர் காலடியில் இருந்த சாக்கிலிருந்து பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் தை மாதத்தைத் திறந்து காட்டினார். சுழியம், சுழியம், ஒரு தூறல், சுழியம். பாதி அடுக்கில் ஒரு நோட்டின்மேல் கையை வைத்தார். "இந்த நோட்டு வரைக்கும் சரிங்க. இதுக்கப்புறம் சரியில்லை." அதற்கு மேல் திறந்த நோட்டுகளில் சுழியங்களுக்கு நடுவே எண்கள் முளைத்திருந்தன. முதலில் அங்கொன்று இங்கொன்று. பிறகு கூடி.

"ஏன்யா இப்படி மாறிச்சு?"

"ஏன்னு எழுத நோட்டுல கட்டம் இல்லைங்க சார்."

கணக்குப்பிள்ளை குடையைத் தட்டினார். "சார், இதெல்லாம் பித்தலாட்டம். கேஸ் வரும்னு தெரிஞ்சு இவனுங்களே ராத்திரியோட ராத்திரியா டப்பாவுல தண்ணிய ஊத்தியிருப்பானுங்க."

"கணக்குப்பிள்ளை ஐயா அனுபவத்துல சொல்றாங்க" என்றார் மில்லிமீட்டர், கொஞ்சமும் சிரிக்காமல்.

தாசில்தார் விரலால் பக்கத்தைத் தடவி நின்றார். "இது என்ன? மீன், இல்லை. உப்பு, இல்லை. மழை பெய்ஞ்ச நாள் எல்லாத்துலயும் இப்படியே எழுதியிருக்கே?"

அப்போதுதான் அந்தக் கட்டங்களை நானும் முதன்முதலாகப் பார்த்தேன்.

"ஊத்துறவன் வாய்க்கால்ல மொண்டு ஊத்தினா மீன் குஞ்சு, பாசி ஏதாச்சும் வந்துருங்க. முன்னாடி ஒருதரம் வந்துச்சு. அதனால கிளாஸைத் தூக்கிப் பார்த்துட்டுத்தான் எழுதுறது. பம்புத் தண்ணின்னா கரிக்கும். கடல் பக்கம், வருஷா வருஷம் உப்பு ஏறிக்கிட்டே இருக்கு. அதனால ஒரு சொட்டு நாக்குலயும் வச்சுப் பார்க்குறது."

தாசில்தார் நம்பாமல், வாசலில் இருந்த பம்பை அடிக்கச் சொல்லி ஒரு வாய் குடித்தார். பாதியை விழுங்கினார். மீதியைக் கணக்குப்பிள்ளையின் செருப்புக்குப் பக்கத்தில் துப்பினார். பிறகு பேனாவைத் திறந்து, கரை மழையால் உடைந்தது என்று எழுதி, புகார்க் காகிதத்தை மடித்துப் போலீஸ்காரரிடம் நீட்டினார்.

அஞ்சலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். மாரிமுத்து இடுப்புத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பண்ணையார்கூட, புறப்படும்போது அந்த நோட்டுகளைத் திரும்பிப் பார்த்து, "அப்ப அடுத்த தையிலயும் வருமாய்யா?" என்று கேட்டார். அவருக்கும் சம்பா போயிருந்தது. "வந்தா எழுதுறேங்க" என்றார் மில்லிமீட்டர். அன்று மத்தியானம் எனக்கு நல்ல பசி.

அந்த வேளைக்குச் சரியாக அஞ்சலை ஒரு மூடிய சட்டியோடு வந்தாள்.

"யாருகிட்டயும் ஒண்ணும் வாங்க மாட்டீங்களாமே. தூத்தின வாய்க்கு இது அபராதம். அயிரைக் குழம்பு."

மில்லிமீட்டர் சட்டியைத் திறந்து, முகர்ந்து, கொஞ்ச நேரம் சட்டத்தை யோசித்தார். "ஏம்மா, மொதல்லயே அளவைச் சொல்லியிருந்தா மனசு ஆறியிருப்பியே, ஏன் சொல்லலைன்னு நீ கேக்கலையே?"

"ஏண்ணே சொல்லல?"

"உன்கிட்டச் சொன்னா அவருகிட்டயும் சொல்லணும்ல" என்று தட்டை எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அன்று சட்டியைத் துடைத்துவிட்டோம்.

அவர் ஓய்வு பெற்றபோது சொந்த நோட்டுகளை என்னிடம் கொடுத்தார். பிறர் எழுதியதில் தேதி ஒன்று தவறினாலும் பென்சிலால் வட்டம் போடுகிற ஆள் நான். அத்தனை பக்கங்களையும் சரிபார்த்தேன். ஓர் இடத்தில்தான் பென்சில் நின்றது. அந்தத் திங்கட்கிழமை. மழை: சுழியம். உப்பு: அளவாக. மீன்: உண்டு.

வட்டம் போடாமல் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.