பாலம் கேட்டு வாங்கிய ஆமை

இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு காகம். அதுவும் நேரில் பார்க்கவில்லையாம். பார்த்த அணில் சொல்லிக் கேட்டதாம். கேட்டபடியே எழுதுகிறேன்.

ஒரு காட்டில், முதலை வாழும் ஆறு ஒன்று ஓடியது. அக்கரை போக வேண்டிய முயல், எலி, அணில் எல்லாரையும் செங்கமலம் என்ற ஆமை பன்னிரண்டு ஆண்டுகளாக முதுகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டாள். அதற்கென்று 'அக்கரைச் சேவைச் சங்கம்' நடத்தினாள். கூடவே, பாலம் கேட்டுச் சிங்கத்தின் அலுவலகத்துக்கு மனு மேல் மனு போட்டாள். ஒருவழியாகப் பாலம் வந்தது. முயல்கள் தாங்களே துள்ளிப் போவதைக் கரையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்தாள்.

அடுத்த ஆண்டு 'ஆற்று நல அதிகாரி' பதவிக்கு ஆள் தேடினார்கள். அந்த நாற்காலி கிடைத்தால் முதலையை வேறு மடுவுக்கு மாற்றி உத்தரவு போடலாம். தண்ணீர் குடிக்க வருகிறவர்களும் பிழைப்பார்கள். செங்கமலம் விண்ணப்பித்தாள்.

நேர்காணலில் நரி எழுத்தர் படிவத்தைப் புரட்டினார்.

"இந்த வருஷம் எத்தனை பேரை அக்கரை சேர்த்தீங்க?"

"யாரும் இல்லைங்க."

"என்னம்மா, ஒருத்தர்கூடவா?"

"பாலம் வந்துடுச்சுங்களே. நான்தான் கேட்டு வாங்கினேன்."

"அது வேற டிபார்ட்மென்ட். நனைஞ்ச முயலோட பேனர் பிடிச்சு ஒரு போட்டோவாவது இருக்கா?"

"யாரும் நனையலையே சார்."

"ஒரு முயலை முக்கி எடுத்திருக்கலாம்ல?"

கூட வந்திருந்த அணில் கிசுகிசுத்தது. "ஐம்பதுன்னு போடுக்கா! யாரு எண்ணப் போறா?"

செங்கமலம் பூஜ்யத்தைத் தெளிவாக வட்டமாக எழுதினாள்.

அடுத்து முதலை வந்தது. "போன வருஷம் நாற்பது பேரைச் சாப்பிட்டேன். இந்த வருஷம் இருபதுதான். ஆக, இருபது உயிரைக் காப்பாத்தியிருக்கேன்." போட்டோவும் வைத்திருந்தது: பேனருக்குக் கீழே, சாப்பிடாத முயலோடு. முயல் சிரிக்கவில்லை, ஆனால் படம் தெளிவாக இருந்தது.

பதவி முதலைக்குப் போனது. முதல் உத்தரவு: ஆய்வு முடியும்வரை பாலத்தை மூடுவது.

மறுநாள் காலை ஒரு முயல் கரைக்கு வந்தது. "அக்கா, முதுகு காலியா இருக்கா?"

"ஏறிக்கோ."

"கவலைப்படாதக்கா," என்றது முயல், ஏறிக்கொண்டே. "அடுத்த வருஷப் படிவத்துக்கு நான் ஒண்ணு."

நீதி: நல்லது செய்கிறவர்கள் கொஞ்சம் கெட்டதை மிச்சம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படிவத்தில் எழுத எதுவும் இருக்காது.

பின்னர் அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். பதினான்கு பக்கம். 'இனி யாருக்கும் என் உதவி தேவையில்லை' என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை.