துண்டுக்கடியில் பாஸ்வேர்டு

எப்பேர்ப்பட்ட கம்ப்யூட்டர் கில்லாடி வந்தாலும் சரி, அருப்புக்கோட்டை பாளையம்பட்டியில் எங்கள் ஹவுஸ் ஓனர் தரகு அண்ணாச்சியின் வைஃபைக்குள் நுழைய முடியாது. சத்தியம் செய்தே சொல்வேன்.

அண்ணாச்சி முப்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அண்ணாச்சி பாஸ்வேர்டையும் அப்படித்தான் கொடுப்பார். மாடியில் குடியிருக்கும் என் கையைத் துண்டால் மூடுவார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து, உள்ளங்கையில் கிள்ளினால் சைபர். எட்டு எண் முடிவதற்குள் கை சிவந்துவிடும்.

"எழுதிக் குடுத்துருங்களேன் அண்ணாச்சி."

"எழுதுனா நாலு பேரு கண்ணுல படும் தம்பி."

யார் எவ்வளவு டேட்டா இழுக்கிறார்கள் என்பதும் அவர் செல்போனிலேயே தெரிந்துவிடும். "நேத்து மத்தியானம் ஒங்க போன்ல ரெண்டு ஜிபி போயிருக்கு. அப்படி என்னத்தப் பாத்தீக?" என்று வாசலில் நிறுத்திக் கேட்பார். நான் பார்த்தது பிரியாணி செய்வது எப்படி. சொன்னால் நம்பவா போகிறார்! எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இந்த வித்தையெல்லாம் எப்படித்தான் வந்ததோ, நான் வாயைப் பிளக்காத நாளில்லை.

வேலைக்காக மூன்று வருஷம் காத்திருந்த என் மனைவி ஜெயாவுக்கு ஒரு இன்டர்வியூ வந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு, லேப்டாப்பில் வீடியோ கால். எங்கள் மாடியில் செல்போன் சிக்னல் நிற்காது, வைஃபைதான் கதி. நான் திருச்சுழியில் சிமென்ட் கடை வேலையில் இருந்தேன். பத்து மணிக்கு ஜெயா தெருவில் நின்று அழாக்குறையாகப் போன் செய்தாள்.

"ஏதோ தெரியாத போனு வைஃபைல ஏறிருச்சாம். அண்ணாச்சி பாஸ்வேர்ட மாத்திட்டாக. இன்டர்வியூன்னு சொல்லிக் கேட்டாலும் வாயத் தொறக்க மாட்டேங்குறாக!"

எனக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்வது அவர் தொழில் தர்மத்துக்கு ஆகாது. குடியிருப்பவன் மனைவியின் கையைப் பிடிப்பது அதைவிட ஆகாது. அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு வேர்க்க விறுவிறுக்கக் கடைக்குள் நுழைந்தார் அண்ணாச்சி. பஸ் பிடித்து வந்திருக்கிறார்! என் கையை இழுத்தார், துண்டைப் போட்டார், எட்டு எண்ணையும் அழுத்தினார்.

"இனிமே ஒங்க வீட்டம்மாகிட்டச் சொல்லுறது ஒங்க குடும்ப விசயம்."

தெருவிலேயே காத்திருந்த ஜெயா, நான் போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

அண்ணாச்சி சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து செல்போனை எடுத்தார். டிவி உட்பட வீட்டில் மற்ற எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு வந்திருந்தார். ஜெயாவின் லேப்டாப் ஒன்றுதான் ஓடியது.

"எரநூறு எம்பி... முந்நூறு... பிள்ள பேசுது தம்பி!"

எம்பிக்கு எம்பி முனகுகிற மனிதர், "ஏறு, ஏறு" என்று அதை விரட்டினார். ஐந்நூறைத் தாண்டி நின்றது. நாங்கள் இருவரும் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொஞ்ச நேரத்தில் ஜெயா தெருவுக்கு இறங்கி வந்து கூப்பிட்டாள். "எடுத்துட்டாக! ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்லிட்டாக!"

அண்ணாச்சி எழுந்தார். "பிள்ளைய அவுக அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுப் பேசச் சொல்லுங்க. எம்புட்டு ஜிபி போனாலும் போகட்டும்."

வேலை மதுரையில். தினம் பஸ்ஸில் போய் வருகிறாள். அங்கேயே வீடு பார்க்கலாமே என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.