இருபத்தொரு மில்லிமீற்றர் மருமகன்

ஒரு வேலையைப் பற்றி எதுவுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து வராது. அவன் பயந்து தள்ளி நிற்பான். அதே வேலையைப் பற்றி இரண்டு வாரம் போனில் வீடியோ பார்த்தவன் இருக்கிறானே, அவன் கையில் மட்டும் எதையும் கொடுத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட ஒருவனை எனக்கு நெருக்கமாகத் தெரியும். தினமும் காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் வந்து நிற்பான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கற்பிட்டிப் பக்கம், கடல்நீர்க் களப்பின் கரையோரத்தில், மனைவி ரிஸ்வானாவின் வீட்டில்தான் இருந்தோம். (எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். சாப்பாட்டுக்குக் குறை இருக்காது. மரியாதையைத்தான் தேடிக்கொள்ள வேண்டும்.) புத்தளம் நகரில் சின்னதாக ஒரு போன் கடை வைத்திருந்தேன். ரிஸ்வானாவின் வாப்பா, அதாவது என் மாமா, உப்பளத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இரண்டு மகள்கள், ஒரு கார். மூன்றில் மூத்தது கார்தான்.

மெரூன் நிறத்தில், உருண்டையான சின்னக் கார். உப்புக் காற்றும் வெயிலும் சேர்ந்து அதைப் பழைய ஓட்டின் நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தன. போதாததற்கு மாமா வெள்ளிக்கிழமை தவறாமல் தேங்காய்த் தும்பால் அதைத் தேய்த்துக் குளிப்பாட்டுவார். வெயில் விழுந்தால் பெயின்ட் முழுவதும் வட்ட வட்டமாகக் கீறல் தெரியும், சிலந்தி குடும்பத்தோடு குடியேறியது போல.

சின்ன மகள் சப்னாவுக்குக் கல்யாணம் முடிவாகியது. புத்தளத்திலிருந்து மாப்பிள்ளையை அழைத்து வர ஒரு நல்ல கார் வாடகைக்கு எடுக்கலாம் என்று மாமி சாப்பாட்டு மேசையில் பேச்செடுத்தார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஆர்ட காரும் வேணாம் மாமா. நம்மட கார நான் புதுசு மாதிரி ஆக்கித் தாறன்," என்றேன்.

மாமா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். தன் சோற்றுக் கோப்பையில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் கோப்பையில் வைத்தார். அதற்குப் பிறகு எப்படிப் பின்வாங்குவது?

அன்றிலிருந்து கடையில் வாடிக்கையாளர் வந்து நின்றாலும் நான் வீடியோவில்தான் இருந்தேன். கீறலை எடுக்க வேண்டுமென்றால் கையால் தேய்த்து ஆகாது, மெசின் வேண்டும். வெறுமனே சுற்றும் மெசின் வேகமாக வேலை செய்யும், ஆனால் சூடேறிப் பெயின்டை எரித்துவிடும். அதனால் புதியவர்களுக்கு 'டுவல் அக்‌ஷன் பொலிஷர்' என்ற வகைதான் பாதுகாப்பு. அதில் பஞ்சு வட்டு தானும் சுற்றும், அதே நேரம் இங்குமங்கும் அசைந்தும் வரும். ஓரிடத்தில் சூடு தங்காது. இதை நான் இரவுச் சாப்பாட்டில் ஒரு ரொட்டியைக் கையில் வைத்துச் சுழற்றிக் காட்டி விளக்கினேன்.

"ஒரே நேரத்தில ரெண்டு வேலயா?" என்று மாமா கேட்டார். "அப்ப ஒங்கட மாமி மாதிரி."

"நான் நாலு வேல செய்ற," என்றார் மாமி.

எந்த மெசினை வாங்குவது என்பதுதான் மீதிக் கேள்வி. பஞ்சு எவ்வளவு தூரம் அசைகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பதினைந்து மில்லிமீற்றர் வீச்சு, இருபத்தொரு மில்லிமீற்றர் வீச்சு என்று விற்கிறார்கள். பெரிய வீச்சு அகலமான, தட்டையான வாகனங்களுக்கு. சின்ன வீச்சும் சின்னப் பஞ்சும் வளைவு நெளிவுகளுக்கு. வீடியோவில் வந்த எல்லோரும் இதைத் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் போன் கடைக்காரன். கேமராவோ பற்றரியோ, இலக்கம் பெரிதென்றால் பொருள் நல்லது என்று காலையிலிருந்து மாலை வரை ஊருக்கே சொல்லிச் சொல்லி, கடைசியில் நானே அதை நம்பிவிட்டிருந்தேன்.

சிலாபத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு மெசின்களையும் மேசையில் வைத்துவிட்டு, "என்ன வாகனம் தம்பி?" என்றார்.

நல்ல கேள்வி. ஆனால் என் பக்கத்தில் நின்ற ஆள், வீட்டளவு பெரிய தன் வாகனத்துக்குச் சாமான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மாமாவின் உருண்டைக் காரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஜீப்," என்றேன்.

"அப்ப இருபத்தொண்டுதான் உங்களுக்குச் சரி," என்று பெரியதை எடுத்துப் பொதி செய்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. முற்றத்தில் பந்தல் போட்டாயிற்று. நான் காரைக் கழுவித் துடைத்து, மெசினுக்கு வயர் இழுத்து, கையுறை போட்டுத் தயாரானேன். மாமா ஒரு கதிரையைக் கொண்டுவந்து முன் வரிசையில் அமர்ந்தார். மாமி, ரிஸ்வானா, கையில் மருதோண்டி காயாத சப்னா எல்லோரும் வந்து நின்றார்கள். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வாப்பா, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில், நாளைய ஏற்பாடு பற்றிக் கதைக்க உள்ளே வந்தார்.

கூட்டம் கூடியதும் எனக்குக் கை துறுதுறுத்தது. பஞ்சில் கொம்பவுண்ட் என்கிற வெள்ளைக் களிம்பைத் தாராளமாகப் பிதுக்கினேன். பஞ்சைப் பெயின்டில் வைத்து, மெதுவான வேகத்தில் தடவிய பிறகுதான் வேகத்தைக் கூட்ட வேண்டும். நான் வேகத்தை உச்சத்தில் வைத்து, மெசினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, பொத்தானை அமுக்கினேன்.

"அஸ்ஸலாமு அலை..." என்று சொல்லிக்கொண்டே வந்த சம்மந்தி அத்தோடு நிறுத்திக்கொண்டார். மாமாவின் தாடி, தொப்பி, பந்தல் துணி, மாமியின் கையிலிருந்த இடியப்பத் தட்டு எல்லாவற்றிலும் களிம்பு. சம்மந்தியின் ஒரு கண் மட்டும் தப்பியிருந்தது. அதால் என்னை நன்றாகப் பார்த்தார்.

"இதுதான் ஒங்கட பக்கத்து வரவேற்பா?"

ரிஸ்வானா துவாயோடு ஓடினாள். மாமா தாடியைத் துடைத்துக்கொண்டே, "செய்ங்க மகன், செய்ங்க," என்றார்.

உண்மையைச் சொன்னால், கூரையில் மெசின் அற்புதமாக வேலை செய்தது. கீறல் போய், பந்தலின் சீலை அப்படியே அதில் தெரிந்தது. மாமா எழுந்து வந்து குனிந்து தன் முகத்தைப் பார்த்தார். டிக்கியும் அப்படியே. சம்மந்திகூடத் துவாயைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம் தடவிப் பார்த்தார். நான் உப்புக் காற்றையே வென்றவன் போல பொனட் பக்கம் வந்தேன்.

பொனட்டின் முன்பக்கம் ஒரே வளைவு, நடுவில் மேடாக ஒரு வரி. பெரிய பஞ்சு அதில் ஒட்டி உட்காரவில்லை. சுற்றுவதை நிறுத்திவிட்டு, குளிர்காய்ச்சல் வந்த மாதிரி வெறுமனே நடுங்கியது. கடைக்காரரின் கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிறுத்தியிருக்க வேண்டும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் எப்படி நிறுத்துவது? மெசினைச் சரித்து, விளிம்பால், உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து அந்த வரியில் அழுத்தினேன். பஞ்சு மெல்ல மெல்லச் சிவந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு அழுக்கு!" என்றேன்.

மாமி கிட்ட வந்து பார்த்தார். "அழுக்கு செவப்பாவா மகன் வரும்?"

மெசினைத் தூக்கினேன். பொனட்டின் நடுவில் முட்டை வடிவத்தில் சாம்பல் நிறம். பெயின்ட் அங்கே முடிந்துபோயிருந்தது. எனக்குக் காது இரண்டும் சுட்டது.

பிறகு நடந்ததை வைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். ரிஸ்வானா நகப்பூச்சு கொண்டுவந்தாள். அது ரோசா நிறம். சப்னா மிச்ச மருதோண்டியைக் கொடுத்தாள். அப்பி, காயவிட்டு, தட்டிப் பார்த்தோம். (கையில் அத்தனை அழகாகப் பிடிக்கிற சாமான், இரும்பில் பிடிக்கவே இல்லை.) கடைசியில் மாமி ஒரு பெரிய பூங்கொத்தை அதற்கு மேல் வைத்து ஒட்டினார். மாமா மட்டும் கூரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மாமாதான் ஓட்டினார், நான் பக்கத்தில். பிரதான வீதிக்கு ஏறியதும் களப்புப் பக்கமிருந்து அடித்த காற்றில் பூங்கொத்து எழுந்து, கூரைக்கு மேலால் போய், பின்னால் வந்த வேனில் மோதி விழுந்தது.

"நிப்பாட்டுங்க மாமா, நான் எடுத்துட்டு வாறன்!"

மாமா நிறுத்தவில்லை. "விடுங்க மகன். எங்கட கார் இப்பிடித்தான் இரிக்கி. இப்பிடியே போவோம்."

கொஞ்ச தூரம் போனபின், "கூரைல என்ட மொகம் தெரிஞ்சிச்சி," என்றார். "உப்பளத்தில வேல செஞ்ச காலத்தில, கார் பளபளப்பா இருந்தப்ப பாத்ததுக்குப் பொறகு நேத்துத்தான் பாத்த."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காற்று கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புத்தளத்தில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் கார் நின்றது. சம்மந்தி வெளியே வந்து சாம்பல் முட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். "கையில மெசின் ஒண்டும் இல்லதானே?" மாப்பிள்ளை வீடே சிரித்தது. எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தது மாமா.

பிறகு பல தடவை அந்த இடத்துக்கு நானே பெயின்ட் அடித்துத் தருவதாகக் கெஞ்சியிருக்கிறேன். மாமா விடுவதில்லை. "இவ்வளவு காலமும் இந்தக் காருக்கு ஒரு கதையும் இருக்கல்ல. இப்பதான் ஒண்டு கெடச்சிரிக்கி. அதயும் பூசி மறைக்கவா?" என்பார். பெற்றோல் நிரப்புகிற இடத்தில்கூட ஆளைப் பிடித்துச் சொல்லுவார். சொல்லச் சொல்ல மெசின் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

இப்போது சப்னாவுக்கு நாலு வயதில் மகள். நான் அவளுக்குப் பெரியவாப்பா. போன மாதம் முன்பள்ளியில் கார் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் சிவப்பால் முழுவதையும் நிரப்பி, முன்பக்கத்தில் மட்டும் ஒரு வட்டத்தை விட்டிருக்கிறாள். இந்த இடத்தை மறந்துவிட்டாயே என்று ரீச்சர் பென்சிலை நீட்டியிருக்கிறார்.

அவள் வாங்கவில்லையாம்.

"மறக்கல்ல ரீச்சர். அது எங்கட பெரியவாப்பா."