செக்ரட்டரி அம்மாவின் கடற்கரை வாரம்

"நாங்களும் வர்றோம்" என்று மூன்றாம் மாடி டீச்சர் சொன்ன பிறகுதான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று செக்ரட்டரி அம்மாவுக்கு உறைத்தது.

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. மோட்டார் ஓடவில்லையா, லிஃப்ட் நின்றுவிட்டதா, மாடி வீட்டில் நாற்காலியை இழுக்கிற சத்தமா, எல்லாவற்றுக்கும் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அதுவும் அவர் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கிற நேரமாகப் பார்த்துத் தட்டுவார்கள்.

அதனால்தான் இந்தப் பயணம். ஒரு வாரம், கடலோர நகரம், அவரும் கணவரும் மட்டும். கதவைத் தட்ட ஆளில்லாத ஒரு வாரம் வேண்டும் என்று அவர் ஏங்கிப்போயிருந்தார்.

திட்டம் போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எந்த அறை ஜன்னலைத் திறந்தால் கடல் முழுசாகத் தெரியும், கலங்கரை விளக்கத்தில் எப்போது கூட்டம் இருக்காது, படகுத்துறைக்கு எந்தத் தெரு வழியாகப் போனால் நிழல் என்று துருவித் துருவி விசாரித்திருந்தார். இப்படி ஒரு திட்டத்தைப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்க அவர் என்ன முனிவரா? லிஃப்டில் டீச்சரிடம் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அவிழ்த்துவிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

டீச்சரைக் கழற்றிவிட, பள்ளிக்கூடம் நடக்கிற வாரமாகப் பார்த்துத் தேதியை மாற்றினார். உங்களோடு வருவதென்றால் லீவு போட மாட்டேனா என்று டீச்சர் உருகினார். போதாக்குறைக்கு, முதல் மாடி டாக்டருக்கு அந்த வாரம்தான் ஓய்வாம். அவரும் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்.

சரி, பயமுறுத்திப் பார்ப்போம் என்று, அங்கே தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து கரையோரமாக ஊர்க்கோடி வரை நடக்க வேண்டியிருக்கும் என்றார். டாக்டர் குதூகலமாகிவிட்டார். நடங்க நடங்க என்று தலையில் அடித்துக்கொண்டும் கேட்காத கட்டடத்துச் சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேரையும் கிளப்பிவிட்டார்.

கடைசி ஆயுதமாக, இவ்வளவு பேருக்கு டிக்கெட் கிடைக்காது என்று கையை விரித்தார். இரண்டாம் மாடிக்காரரின் மச்சான் சொந்தமாக பஸ் வைத்திருந்தார். பஸ் வந்துவிட்டது, இனி அதை நிரப்ப வேண்டாமா? அவரும் மச்சானுமாக வீடு வீடாகப் போய் மணி அடித்தார்கள்.

அன்று சாயங்காலம் படிக்கட்டில் டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க போட்ட திட்டம்னா நாங்க கண்ணை மூடிட்டு வருவோம் மேடம்."

இதைக் கேட்ட பிறகும் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா? செக்ரட்டரி அம்மா பூரித்துப்போனார். "இந்தக் கட்டடமே என்னை நம்பிக் கிளம்புதுங்க" என்று கணவரிடம் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் "ம்" என்று மட்டுமே சொல்லிப் பழகிய மனிதர், இதற்கும் "ம்" என்றார்.

கிளம்புகிற நாள் காலையில் கட்டடம் மொத்தமும் பஸ்ஸில் இருந்தது. எதிர்வீட்டு நாய்கூட ஏறிவிட்டது. ஏறின மாத்திரத்தில் ஆரம்பித்தார்கள். ஜன்னலோரம் எனக்கு, கடல் தெரிகிற அறை எனக்கு, பின்சீட்டு குலுக்குகிறது, முன்சீட்டில் வெயில் அடிக்கிறது. திரும்பின பக்கமெல்லாம் "செக்ரட்டரி மேடம்". அவருக்குத் தலை கிறுகிறுத்தது. ஆனாலும் முன்னால் நின்று பார்த்தபோது மனசு நிறைந்துதான் போனது. தான் போட்ட ஒரு திட்டத்துக்கு ஒரு ஊரே கிளம்பியிருக்கிறது!

கணவரை மட்டும் காணோம்.

இறங்கிப் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே, நிழலில், இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். பின்னால் கட்டடத்தின் ஜன்னல்கள் எல்லாம் மூடிக் கிடந்தன.

"எல்லாரும் ஏறியாச்சுங்க. நீங்கதான் பாக்கி."

"எல்லாருமா? நல்லா பார்த்தியா?"

"ஒரு வீடு விடாம" என்றார் செக்ரட்டரி அம்மா, பெருமை தாங்காமல்.

"அப்ப பஸ்ஸை அனுப்பிட்டு வா. இனி ஒரு வாரத்துக்கு நம்ம கதவைத் தட்ட இங்க ஆளில்ல."