நோணாங்குப்பம் வரிசையில் ஒரு பூசெத்

மனித நாகரிகம் சக்கரத்தில் தொடங்கியது என்பார்கள். அது குழந்தைகளின் தள்ளுவண்டிச் சக்கரத்தில்தான் நிறைவு பெற்றது என்று நான் துணிந்து சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் உண்டு. புதுச்சேரி சாரம் பகுதியின் 'பொறுப்புள்ள பெற்றோர் பேரவை'யின் செயலாளர் யூஜின் நான்தான். வாட்ஸ்அப்பில் நாற்பத்தொரு உறுப்பினர்கள். அடுத்தவர் பிள்ளை வளர்க்கும் லட்சணத்தைப் படமெடுத்துப் போடுவதும், கீழே 'வருந்துகிறோம்' என்று எழுதுவதும் எங்கள் சமூக சேவை.

என் மகன் ஜெர்ரிக்கு ஒன்றரை வயது. அவனுடைய வண்டி, மைத்துனர் பாரீசிலிருந்து அனுப்பியது. அதைத் தள்ளுவண்டி என்று சொன்னால் மாமனார் அன்றைக்குச் சாப்பிடமாட்டார். பிரெஞ்சில் 'பூசெத்' என்றுதான் சொல்ல வேண்டும்.

சென்ற ஞாயிறு நோணாங்குப்பம் படகுத்துறைக்குக் 'களப்பணி'க்குப் போனேன். மனைவி சிந்தியாவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. பிள்ளையை என்னை நம்பி விட்டிருந்தாள். பாரடைஸ் பீச் படகுக்கு நின்ற வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மொத்தம் ஒன்பது வண்டிகளைப் பரிசீலித்தேன். இரண்டில் பிள்ளைக்குப் பதில் பிரியாணிப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது. குறித்துக்கொண்டேன்.

எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் வண்டியே இல்லை! மகளை இடுப்பில் வைத்திருந்தார். விசாரித்ததில் பெயர் அமுதவல்லி.

"ஏம்மா, வண்டி எடுத்தாரலையா?"

"இடுப்பு இருக்குதே சார்."

"முதுகெலும்பு என்னாவும்?"

"யாருது? என்னுதா, புள்ளையுதா?"

பேரவையின் குறிப்பேட்டைத் திறந்தேன். 'பிற்போக்கு' என்று மட்டும் பதிவு செய்தேன்.

அப்போதுதான் தொலைவில், ஜூஸ் கடையோரம், அந்தக் கொடுமை கண்ணில் பட்டது. ஒரு தகப்பன், பிள்ளையின் ஒரு கையில் போனும் மறு கையில் சிப்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தார். கடமை அழைத்தது. பின்னால் நின்ற ராமலிங்கம் என்பவரிடம் திரும்பினேன்.

"அண்ணே, பூசெத் என் எடத்துல நிக்கட்டும். ரெண்டே நிமிஷம்."

"போயிட்டு வாங்க சார். உங்க எடம் எங்க போவுது?"

ரேஷன் கடையில் பையை வைத்து இடம் பிடித்து வளர்ந்த மக்கள் நாம். பை நின்றால் ஆள் நிற்பதாகவே பொருள். அந்த அறத்தை நம்பிக் கிளம்பினேன். வண்டிக்குள் ஜெர்ரி இருந்தான் என்பது ஒரு சிறு விவரம்.

ஜூஸ் கடையில் குழந்தையின் கண், மூளை, எதிர்காலம் ஆகியவை பற்றி இருபது நிமிடம் உரையாற்றினேன். அந்தத் தகப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க புள்ள எங்க சார்?" என்றார்.

"முறையா வரிசைல நிக்கிறான்."

"வயசு?"

"ஒன்றரை."

"கெட்டிக்காரன் சார்," என்று வியந்தார்.

பெருமையோடு திரும்பினேன். வரிசை இருந்தது, வண்டி இல்லை. "நீலக் கலர் பூசெத் பாத்தீங்களா? பாரீஸ் மாடல்!" என்று கத்திக்கொண்டே துறைக்கு ஓடினேன். படகு கிளம்பி நடுத்தண்ணீருக்குப் போயிருந்தது. அதில் என் பூசெத் கம்பீரமாக நின்றது. கைப்பிடியைப் பற்றியபடி ராமலிங்கம்.

"சார்! உங்க எடத்த ஒருத்தனையும் புடிக்க வுடல! கரெக்டா தள்ளியாந்து ஏத்திட்டேன்!"

"சக்கரத்துல தண்ணி படாம பாத்துக்கங்கண்ணே!" என்று கூவினேன்.

பின்னால் ஒரு சிணுங்கல். அமுதவல்லி நின்றிருந்தார். ஓர் இடுப்பில் மகள், மறு இடுப்பில் ஜெர்ரி.

"அழுதுச்சு, தூக்கிட்டேன் சார். வண்டிய ஏத்திக்கினாங்க. பெத்தவங்க இல்லாத புள்ளைய தண்ணி மேல எப்பிடி இட்டுனு போறது? நான் ஏறல."

பெற்றோர் அனுமதியின்றி வண்டியிலிருந்து குழந்தையை அகற்றியது கடுமையான விதிமீறல். இருந்தும் பெருந்தன்மையோடு அதை விட்டுவிட்டு, முக்கியமானதை மட்டும் கேட்டேன்.

"வண்டிய ஏம்மா வுட்டீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், வண்டி படகுல போவுது. புள்ள எங்கிட்ட இருக்குது. உங்களுக்கு எது வேணும்?"

எளிய கேள்வி. எங்கள் நாற்பத்தொரு பேரில் யாரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். நானும் சரியாகத்தான் சொன்னேன். ஆனால் அமுதவல்லி என் வாயைப் பார்க்கவில்லை. என் கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெர்ரியும் அதைத்தான் பார்த்தான்.