துண்ட பாதியில எடுத்த தங்கவேலு

ஏனுங்க, நாஞ் சொல்றது அத்தனையும் நெசம். செரி, அங்கங்க கொஞ்சம் நீட்டியிருக்கறேன். நீட்டலைன்னா நீங்க பாதியில டீ குடிக்கப் போயிருவீங்க.

நம்ம மலையில ஒரு ரகம் இருக்குது. வைத்தியத்த எட்டு ஊருக்கு வெளக்கும், சொந்த ஊட்டுல மட்டும் செய்யாது. கீழ் கோத்தகிரி எஸ்டேட்ல தேயில எடை போடற தங்கவேலு அதுல மொத நம்பரு.

அவரு சம்சாரம் வேலாமணிக்கு உண்ணிக் காய்ச்சல். நெத்தியில தோசை சுடலாம், அத்தன சூடு. டிஸ்பென்சரி நர்சு கெஸியா ஏழு நாள் மாத்திரை குடுத்து, புரியற மாதிரி சொல்லுச்சு: கிருமிக்குள்ள ரைபோசோம்னு ஒரு பஸ்சு, டிஆர்என்ஏங்கற சுமைதூக்கி புரதத்துக்கு வேணுங்கற சரக்க ஒவ்வொண்ணா கொண்டாந்து அதுல சீட்டுப் புடிச்சாத்தான் கிருமி பெருகும், மாத்திரை முன்னாடியே போயி அந்த சீட்டுல துண்டு போட்டுருமாம். ஏழு நாளும் துண்டு கெடக்கோணும், எடுத்தா அந்த சுமைதூக்கி உக்காந்துக்குவான்.

துண்டு! கோத்தகிரி பஸ்சு ஜன்னல்ல துண்டு வீசியே முப்பது வருசமா உக்காந்து போற மனுசனுக்கு வேறென்ன வேணும்? லைன் ஊடு பூரா, எடைக் கொட்டாய் பூரா டிஆர்என்ஏ பாடம். கேட்ட கோழி ஒண்ணு முட்டையிடறதையே நிறுத்திருச்சு.

மூணாம் நாள் காய்ச்சல் எறங்குச்சு. உடனே நம்மாளுக்கு ஞானம் பொறந்துச்சு. கிருமி சீட்டில்லாம எறங்கிப் போயிருச்சு, இனி மாத்திரை எதுக்குன்னு, மீதிய மூட்டுவலிக்காரிக்குப் பாதி, சளிக்காரனுக்குப் பாதின்னு தானம் பண்ணிட்டாரு. வள்ளலு!

ஆறாம் நாள் வேலாமணி நடுங்கி விழுந்தாங்க. ஆஸ்பத்திரிக்கு ஜீப்பு வந்துச்சு. முன்சீட்டுல துண்டு வீசி உக்காந்தது யாருங்கறீங்க? பின்னாடி கெஸியா மடியில கெடந்த வேலாமணி கண்ணத் தொறந்தாங்க.

"ஏனுங்க, நீங்க ஏறி உக்கார்றதுக்கு முன்னாடி என்னைக்காச்சும் யாரையாச்சும் துண்ட எடுக்க உட்டிருக்கீங்களா?"

ஜீப்பு ஊட்டி ஆஸ்பத்திரி போய்ச் சேந்துச்சு. வேலாமணி பத்து நாள் படுத்துப் பொழச்சாங்க. அவரு? இப்ப அடுத்தவங்க ரத்தப் பரிசோதனைச் சீட்டப் படிச்சுச் சொல்றாரு.

சிரிக்கறீங்களே, உங்க அலமாரியில பாதி அட்டை மாத்திரை எத்தன கெடக்குது?

கத கேட்டுட்டிருந்த கூட்டத்துல சுமலதா, பக்கத்துல இருந்த தன் புருசன் ரவிக்குமாரப் பாத்துச்சு.

"எனக்கு டாக்டர் குடுத்த மாத்திரைய யாருக்குங்க குடுத்தீங்க?"

"உங்கண்ணனுக்குத்தான்."

பின்னாடி இருந்து அண்ணங்காரன் சட்டைக் கைய மடிச்சுட்டு எந்திரிச்சான்.

"எனக்கு நாலுதானுங்க மாப்ள வந்துச்சு. மீதிய யாரு தின்னது?"