கோடும் வரியும்

அன்று காலை முகச்சவரம் செய்யும்போதே தீர்மானித்துவிட்டேன். இன்று மேடையில் ஆழமாக ஏதாவது சொல்லியே ஆகவேண்டும்.

நான் கார்ட்டூன் போடுகிறவன். பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில், வானிலை அறிக்கைக்குக் கீழே, தினமும் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் ஒரு கணவன், ஒரு மனைவி. அவன் ஏதோ சொல்வான், அவள் பதில் சொல்வாள், அவன் முகம் தொங்கிப்போகும். பதினாறு வருஷமாக இதேதான். கடைசியாக வந்ததில் கணவன், "நான் சொன்னா சொன்னதுதான்" என்பான். மனைவி, "தெரியும். சொன்னதோட சரி" என்பாள்.

உங்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோடு என்னுடையது. வரி என் மனைவியுடையது. அவள் அடுப்படியில் நின்று என்னைத் திட்டுவாள். நான் அதைச் சூடு ஆறுவதற்குள் எடுத்து வந்து கட்டத்துக்குள் வைத்துவிடுவேன். வரி வாங்கினால் அரசாங்கம்கூட ரசீது கொடுக்கிறது. நான் அதுவும் கொடுத்ததில்லை.

ஓவியக்கூடத்தில் கூட்டம். தலைப்பு, 'படைப்பு பிறக்கும் கணம்.' மேடையில் ஓர் ஓவியர் அம்மாள், ஒரு நாவலாசிரியர், நான். ஓவியர் அம்மாள் வெள்ளைத் துணிக்கு முன்னால் நாள்கணக்கில் காத்திருப்பாராம். ஒருநாள் நீலம் தானாக வந்து கூப்பிடுமாம். நாவலாசிரியர் எதுவும் எழுதுவதே இல்லையாம்; பாத்திரங்கள் சொல்லச் சொல்ல வெறும் குமாஸ்தாவாகக் குறித்துக்கொள்வாராம். கூட்டம் உருகிப்போயிருந்தபோது மைக் என் கைக்கு வந்தது.

நீலம் கூப்பிட்ட மேடையில், வெங்காயம் நறுக்கும்போது வரும் என்று எப்படிச் சொல்வது? கண்ணை மூடிக்கொண்டேன்.

"மௌனம்," என்றேன். "என்னோட ஒவ்வொரு வரியும் ஆழ்ந்த மௌனத்துலேருந்துதான் வருது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கண்ணைத் திறந்தேன். மூன்றாவது வரிசையில், மடியில் கைப்பையோடு, என் மனைவியும் தட்டிக்கொண்டிருந்தாள். ரொம்ப நிதானமாக.

பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் பேசவில்லை. தலைவலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கும் வசதியாக இருந்தது.

மறுநாள் காலை காப்பி டம்ளர் சத்தமே இல்லாமல் மேஜைக்கு வந்தது. என்ன ஆச்சு என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்தாள். என் மேஜையைக் காட்டினாள். கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

விஷயம் லிஃப்டில் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் என் காதருகே குனிந்து கிசுகிசுப்பாகப் பாராட்டினார். என் மனைவி வீடு வீடாகப் போய், அவருக்கு மௌனம் இருந்தால்தான் வரி வரும், தயவுசெய்து காலையில் மிக்ஸி போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். சத்தம் வரக்கூடாதென்று எதிர்வீட்டுக்காரரே செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மாடிவீட்டுக் குழந்தை அழுதால்கூட மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். எங்கள் அழைப்பு மணிக்குள் பஞ்சு அடைத்திருந்தது. அப்படி ஓர் அமைதியை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

அந்த அமைதியில் உட்கார்ந்து வரைந்தேன். கணவன் வந்தான். மனைவி வந்தாள். இரண்டு பேரும் வாயைத் திறந்தார்கள். திறந்தபடியே இருந்தார்கள். அப்படியே அனுப்பிவைத்தேன். ஆசிரியர் போன் பண்ணி, வசனம் விட்டுப்போயிருக்கிறதே என்றார். மறுநாள் சொந்தமாக ஒரு ஜோக் எழுதினேன். இதில் சிரிப்பு எங்கே என்று கேட்டார். பத்து நிமிஷம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனிமேல் இந்த மாதிரி வந்தால் அந்த இடத்தில் எண் புதிர் போட்டுவிடுவதாகச் சொன்னார். ஐந்து நாள் தவணை கொடுத்தார்.

அவளைப் பேசவைக்க என்னென்னவோ செய்தேன். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டேன். சாதாரணமாக அதற்கு இரண்டு நாள் கார்ட்டூன் கிடைக்கும். எடுத்துக் காயப்போட்டாள். சமையலில் உப்புப் போதவில்லை என்றேன். உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தாள். கடைசி அஸ்திரமாக, மாடிவீட்டு அம்மாவுக்கு வயசே தெரியவில்லை என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினாள்.

தவணையின் நாலாம் நாள் குளியலறையில் இருந்தேன். பின்பக்க பால்கனியிலிருந்து அவள் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவள் தங்கையிடம்தான் என்று முடிவுசெய்துகொண்டேன். இத்தனை நாள் அடைத்து வைத்ததெல்லாம் கொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு மறதி எல்லாம் கிடையாது. எதை மறக்கணும்னு ஞாபகம் வெச்சு மறப்பார்."

வறண்ட குழாயில் தண்ணீர் வந்ததுபோல இருந்தது எனக்கு. தலையில் நுரையோடு வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி, ஜன்னலில் காதை வைத்தேன். எழுதிக்கொள்ளக் கையில் கிடைத்தது அவளுடைய கண்மைப் பென்சிலும் காலி சோப்பு அட்டையும்தான்.

"அவர் எடுத்த முடிவை மாத்திக்கவே மாட்டார். என்ன முடிவு எடுத்திருக்கார்னு முதல்ல நான் அவருக்குச் சொல்லணும்."

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். முடிந்ததும், "ஆச்சா?" என்று கேட்டாள். அவள் தங்கைக்கு எப்போதுமே எதுவும் சட்டென்று பிடிபடாது. அந்தப் பெண்ணை மனதார வாழ்த்தினேன். ஏழு வரிகள். ஓர் எழுத்து விடாமல் அட்டையில் ஏறிவிட்டன.

அன்று முழுக்க உட்கார்ந்து ஏழு படம் போட்டேன். மறுநாள் தவணை முடிவதற்குள் நேரிலேயே கொண்டுபோனேன். ஆசிரியர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். வாய்விட்டுச் சிரித்தார். நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

"படம் பிரமாதம் சார்," என்றார். "வசனம் நேத்தே வந்துடுச்சு."

எங்கிருந்து என்று கேட்டேன். நாற்காலியில் நிமிர்ந்துகொண்டேன்.

"மேடம்தான் போன் பண்ணாங்க. ஒவ்வொரு வரியையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்லி எங்க டைப்பிஸ்ட்டை எழுத வெச்சாங்க. படம் நாளைக்கு நீங்களே கொண்டுவருவீங்கன்னும் சொன்னாங்க."

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபம் இருந்தால் என்னிடமே சொல்லியிருக்கலாமே என்றேன். ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அன்னிக்குக் கூட்டத்துல பக்கத்து சீட்டு அம்மா, நீங்களும் எழுதறவங்களான்னு கேட்டாங்க. இல்லைங்க, நான் சும்மா பேசுவேன்னு சொன்னேன். அப்புறம்தான் உங்க கைக்கு மைக் வந்தது. ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு உக்காந்திருந்தேன்."

கார்ட்டூன் கணவனுக்கு நான் எத்தனையோ முறை தொங்கவிட்ட அந்த முகம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் உள்ளேயிருந்து தெரிந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பெருந்தன்மையாக, நாளை முதல் உன் பேரும் வரவேண்டும், நானே ஆசிரியரிடம் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

"நீங்க அலைய வேணாம்," என்றாள். "நான் சொல்லிட்டேன்."

மறுநாள் விடிந்ததும் பத்திரிகையைப் பிரித்தேன். கட்டத்துக்கு மேலே அவள் பெயர், கொட்டை எழுத்தில். என் பெயரைத் தேடினேன். மேலே இல்லை. பக்கத்தில் இல்லை. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி தேடினேன். கீழே, ஒரு மூலையில், எறும்பு வரிசைபோல இரண்டே சொற்கள் இருந்தன.

படம்: கணவர்.